கையில் பலமான சீட்டு வந்தால் எவ்வளவு வைப்பது? ஆன்லைன் நோ-லிமிட் போக்கர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, நாகை என்று டெல்டாவில் ஆளுக்கொரு ஊரில் இருக்கும் நண்பர்கள் எட்டுப் பேர், சனிக்கிழமை ராத்திரி ஃபோனில் ஒரே மேசையில் உட்கார்ந்து போக்கர் ஆடுகிறோம். காசு கிடையாது. ஆப் இலவசமாகத் தரும் சிப்புதான். ஆளுக்கு 1,000, பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன்பே இருவர் கட்டாயம் வைப்பது) 5, 10. ஆட்டம் முடிந்ததும் வாட்ஸாப்பில் கேள்விகள் வரும். பத்தில் ஏழு கேள்வி ஒரே கேள்விதான்: "நல்ல சீட்டு வந்துச்சு, ஆனா கையில ஒண்ணும் நிக்கலையே, ஏன்?" தம்பிகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி எழுதிச் சேர்ந்தவற்றை இங்கே ஒன்றாக வைக்கிறேன்.

எனக்கு ரம்மி மட்டும்தான் தெரியும். நோ-லிமிட் என்றால் என்ன?

ரம்மியில் கையில் 13 சீட்டு. இங்கே உங்களுக்கென்று இரண்டே சீட்டு. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து விழும். முதலில் மூன்று சேர்ந்தாற்போல வருவது ஃப்ளாப், அடுத்த ஒன்று டர்ன், கடைசி ஒன்று ரிவர். மொத்தம் ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. ஃப்ளாப்புக்கு முன்பு ஒருமுறை, அப்புறம் ஃப்ளாப், டர்ன், ரிவர் என்று ஆக நான்கு சுற்று சிப்பு வைக்கலாம். நடுவில் சேர்வது பாட். சிப்பு வைக்காமல் முறையை விடுவது செக், எதிராளி வைத்ததற்குச் சமமாகப் போடுவது கால், அதற்கு மேலும் கூட்டுவது ரெய்ஸ், சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது ஃபோல்டு, எல்லாச் சிப்பையும் தள்ளுவது ஆல்-இன்.

நோ-லிமிட்டில் கீழ்வரம்பு மட்டும் உண்டு. குறைந்தது பெரிய பிளைண்ட் அளவு வைக்க வேண்டும். ரெய்ஸ் செய்தால் முந்தையவர் எவ்வளவு கூட்டினாரோ அவ்வளவாவது கூட்ட வேண்டும். மேல்வரம்பு உங்கள் முன்னால் இருக்கும் சிப்புதான். எந்தச் சுற்றிலும் எல்லாவற்றையும் தள்ளலாம். ஆகவே 'வைக்கலாமா' என்பதோடு கேள்வி முடிவதில்லை. 'எவ்வளவு' என்பதே பாதி ஆட்டம்.

அண்ணே, இதையே பணம் வைத்து ஆடினால் என்ன?

வேண்டாம் தம்பி. முதல் காரணம் சட்டம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்துவதையும், விளம்பரம் செய்வதையும், அவற்றுக்காக வங்கிகள் பணம் அனுப்பித் தருவதையும் தடுக்கிறது. நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பேதம் அதில் இல்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்தவை என்று சொல்லி, மாநிலச் சட்டத்தின் தடையிலிருந்து அவற்றை எடுத்தது. அந்தத் தீர்ப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு "கோர்ட்டே சொல்லியாச்சு" என்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் எனக்கு முதல் காரணத்தைவிடப் பெரியது. நம் பக்கம் பணம் மாதாமாதம் வருவதில்லை. அறுப்பு முடிந்து, கொள்முதல் நிலையத்தில் காத்துக்கிடந்து, நெல் போட்ட பிறகு கணக்கில் மொத்தமாக ஏறும். அடுத்த நடவு வரைக்கும் உரம், உழவுக்கூலி, பிள்ளைகள் ஃபீஸ் எல்லாம் அதில்தான். அப்படி வந்த தொகை ஒரு வாரத்தில் ஃபோனுக்குள் போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். 2003-ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் ஆன்லைனில் 86 டாலர் ஆட்டத்தில் தகுதி பெற்று, லாஸ் வேகாஸ் உலகத் தொடரில் 25 லட்சம் டாலர் ஜெயித்தது உண்மைதான். அந்தக் கதையைத் தம்பிகள் அடிக்கடி எடுத்துவருவார்கள். அதே ஆட்டத்தில் உட்கார்ந்தவர்கள் 839 பேர். மற்ற 838 பேரின் கதையை யாரும் எடுத்துவருவதில்லை.

ஏற்கெனவே கடன் ஆகி மனம் உடைந்து இருந்தால் யாரிடமாவது இன்றைக்கே சொல்லுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கீழே வருவதெல்லாம் இலவசச் சிப்பு ஆட்டத்துக்கு. கணக்கும் யோசனையும் அதிலேயே முழுசாகக் கிடைக்கும்.

பலமான கை என்று எதைச் சொல்வது? ஒரு ஜோடி போதுமா?

சீட்டின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. கையில் ஏஸும் ராணியும் இருக்கிறது, நடுவில் ராணி, 8, 3 விழுகிறது என்றால் அது பலமான கை. அதே ஏஸ்-ராணி, நடுவில் ராணி, ஜாக், 10 மூன்றும் ஆட்டினாக விழுந்தால் ஸ்ட்ரெய்ட்டும் (அடுத்தடுத்த ஐந்து எண்கள்) ஃப்ளஷும் (ஒரே வகையில் ஐந்து சீட்டு) பயமுறுத்தும் இடத்தில் நிற்கும் ஒரு ஜோடி, அவ்வளவுதான்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: நான் வைக்கும் சிப்புக்கு எதிராளி எந்தெந்தச் சீட்டோடு கால் செய்வார்? அந்தச் சீட்டுகளில் பாதிக்கு மேல் என் கைக்குக் கீழே இருந்தால் என் கை பலமானது, வைக்கலாம். பாதிக்குக் குறைவென்றால், கையில் இருப்பது எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் செக். கண்ணை நம் சீட்டிலிருந்து எடுத்து, நமக்குச் சிப்பு தரப்போகிற சீட்டின் மேல் வைக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாப் பதிலும் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

பெரிய கை வந்தால் பதுங்கி இருந்து கடைசியில் அடிக்கலாமே? பொறுத்தார் பூமி ஆள்வார் அல்லவா?

ஸ்லோ பிளே என்று இதற்குப் பெயர். எங்கள் மேசையில் சிப்பு வீணாவது பெரும்பாலும் இதில்தான். பிளஃப் (சீட்டே இல்லாமல் பெரிதாக வைத்து மிரட்டுவது) செய்து தோற்றவர்களைவிட, செட்டை (கையில் ஜோடி, நடுவில் அதே எண் மூன்றாவதாக) வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தவர்கள் இழந்ததே அதிகம். அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் வரவேண்டியது வராமல் போன கணக்கு திரையில் எங்கேயும் காட்டாது.

நாற்றங்கால் தயாராகி, ஆற்றில் தண்ணீரும் வந்து, 'இன்னும் பத்து நாள் போகட்டும்' என்று நடவைத் தள்ளினால் என்ன ஆகும்? நாற்று முற்றிப்போகும். முற்றிய நாற்றை எவ்வளவு கவனமாக நட்டாலும் தூர் சரியாகக் கட்டாது. ஃப்ளாப்பில் வைக்காமல் விட்ட சிப்பு அப்படித்தான். ரிவரில் எவ்வளவு முயன்றாலும் அது திரும்பி வராது.

கணக்காகப் பாருங்கள். பாட்டில் 60, இருவர் முன்னாலும் 970. மூன்று சுற்றிலும் எதிராளி கால் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றும் பாட்டில் பாதி வைத்தால் 30, 60, 120. அவரிடமிருந்து வருவது 210. மூன்றில் இரண்டு பங்கு வைத்தால் 40, 93, 217, வருவது 350. முழுப் பாட் வைத்தால் 60, 180, 540, வருவது 780. அளவைப் பாதியிலிருந்து முழுசாக்கியது இரண்டு மடங்கு; வந்தது நான்கு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. பாட் வட்டிக்கு வட்டி போல வளர்வதால் இப்படி.

இப்போது ஃப்ளாப்பில் செக் செய்துவிட்டு மீதி இரண்டு சுற்றில் முழுப் பாட் வைக்கிறீர்கள். 60, 180. மொத்தம் 240. ஒரே ஒரு சுற்றைச் சும்மா விட்டதற்கு 540 சிப்பு போயிற்று. இந்த ஒரு கணக்கை நோட்டில் எழுதிப் பார்த்த பிறகு எங்கள் குழுவில் இரண்டு பேரின் ஆட்டமே மாறியது.

ஒரு உதாரண ஆட்டம் சொல்லுங்களேன்.

போன ஐப்பசியில் நடந்தது. அடைமழை, கரண்ட் இல்லை, எல்லாரும் ஃபோன் வெளிச்சத்தில். நீடாமங்கலத்துத் தம்பிக்கு 9 ஜோடி வந்தது. நடுவில் ஆட்டின் 9, ஆட்டின் 7, இஸ்பேடு 2. மூன்று 9, கையில் ஜோடி வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பில் செட் விழுவது எட்டரை முறைக்கு ஒருமுறைதான். அவர் செக் செய்தார். எதிரில் இருந்த திருத்துறைப்பூண்டிக்காரரும் செக். டர்ன் கிளாவர் 3. மறுபடி செக், செக். ரிவரில் ஆட்டின் 5 விழுந்தது. தம்பி அப்போதுதான் விழித்துக்கொண்டு பாட் அளவு வைத்தார். எதிராளி ஆல்-இன். தம்பி கால் செய்தார். அங்கே ஆட்டின் ராஜா, ஆட்டின் 10. ஃப்ளஷ்.

"எனக்கு நேரம் சரியில்லண்ணே" என்றார். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஃப்ளாப்பில் அந்த ஃப்ளஷ் முயற்சிக்கு ஜெயிக்க இருந்த வாய்ப்பு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அதாவது நாலில் மூன்று முறை தம்பியின் பக்கம். இரண்டு சுற்றும் வைத்திருந்தால் அவர் கால் செய்திருப்பார். ஃப்ளஷ் வராத மூன்று முறையும் அந்தச் சிப்பு தம்பிக்கு வந்திருக்கும். வந்த ஒரு முறை தோல்விதான், அதைத் தடுக்க வழி இல்லை. தம்பி செய்தது, இரண்டு சீட்டை எதிராளிக்கு இலவசமாகக் காட்டியது.

அப்படியென்றால் எவ்வளவு வைப்பது? ஒரு எண் சொல்லுங்கள்.

ஒரே எண் கிடையாது, ஆனால் தொடங்குவதற்கு ஒன்று சொல்கிறேன்: பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு. பலமான கை, என்ன செய்வதென்று தெரியவில்லை என்றால் அதை வையுங்கள். பெரிய தப்பு வராது.

அதற்கப்புறம் எதிராளியைப் பார்த்து மாற்ற வேண்டும். தாராசுரம் காய்கறி மார்க்கெட்டில் விடியற்காலையில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரே கத்தரிக்காய்க்கு ஓட்டல்காரருக்கு ஒரு விலை, தள்ளுவண்டிக்காரருக்கு ஒரு விலை. வியாபாரி காயைப் பார்த்து விலை சொல்வதில்லை, எதிரில் நிற்பவரின் தேவையையும் மடியையும் பார்த்துச் சொல்கிறார். எதிராளியிடம் டாப் பேர் (நடுவில் இருப்பதில் பெரிய சீட்டோடு சேர்ந்த ஜோடி) இருக்கிறது, அதை விட மனசில்லை என்று தெரிந்தால் முழுப் பாட் கேளுங்கள். அவரிடம் நடுத்தர ஜோடிதான், சந்தேகத்தோடு உட்கார்ந்திருக்கிறார் என்றால் மூன்றில் ஒரு பங்கு.

இலவசச் சிப்பு மேசைகளில் பொதுவாக எல்லாரும் கால் செய்யும் பக்கம்தான் சாய்வார்கள். இழப்பதற்கு ஒன்றும் இல்லையே, என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்ற எண்ணம். அங்கே பிளஃபைக் குறைத்து, நல்ல கைக்குக் கேட்கும் அளவைக் கூட்டுவதுதான் சரி.

பெரிதாக வைத்தால் எல்லாரும் ஃபோல்டு செய்துவிடுகிறார்களே?

சில முறை செய்வார்கள், செய்யட்டும். கேட்க வேண்டியது இது: கால் செய்யும் முறையும் அளவும் பெருக்கினால் எது அதிகம்? ரிவரில் 50 வைத்தால் பத்தில் ஆறு முறை கால் வருகிறது, ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் ஜெயிக்கிறீர்கள் என்றால் பத்து முறைக்கு 300. 100 வைத்தால் நான்கு முறைதான் வருகிறது, 400. ஆறு முறை ஃபோல்டு ஆனதைப் பார்த்து மனசு சோர்ந்துபோகிறது, ஆனால் கணக்கு உங்கள் பக்கம்.

2017-ல் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல், பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு ஒற்றைக்கு ஒற்றை நோ-லிமிட்டில் 1,20,000 ஆட்டம் ஆடி ஜெயித்தது. பாட்டைவிடப் பெரிய தொகையை அது தயங்காமல் வைத்ததுதான் அவர்களைத் திணறடித்த விஷயங்களில் ஒன்று. மனிதருக்கு அங்கே கூச்சம் வருகிறது. 'இவ்வளவு கேட்டால் என்ன நினைப்பார்கள்' என்ற கூச்சம்.

ஃப்ளஷ், ஸ்ட்ரெய்ட் முயற்சியில் இருக்கிறவரை எப்படிக் கட்டணம் கட்ட வைப்பது?

ஒரே வகைச் சீட்டு நான்கு வைத்திருப்பவருக்கு ஐந்தாவது வர இன்னும் ஒன்பது சீட்டு பாக்கி. டர்னில் இருக்கும்போது, பார்க்காத 46-ல் 9. கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. இரண்டு பக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட் முயற்சிக்கு எட்டுச் சீட்டு. ஆறில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல்.

பாட் 100. நீங்கள் 33 வைத்தால் அவர் 33 போட்டு மொத்தம் 166-க்கு ஆடுகிறார். ஐந்தில் ஒரு பங்கு ஜெயித்தாலே அவருக்குக் கட்டிவிடும். அதாவது சரியான விலைக்கு நீங்களே கொடுத்துவிட்டீர்கள். 50 வைத்தால் அவருக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு வேண்டும், இருப்பதோ ஐந்தில் ஒன்று. 67 வைத்தால் இன்னும் மோசம். ஆகவே நனைந்த மேசையில், அதாவது இரண்டு ஆட்டினோ அடுத்தடுத்த எண்களோ கிடக்கும்போது, பாதிக்குக் கீழே போகாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. முயற்சி நிறைவேறினால் ரிவரில் உங்களிடமிருந்து இன்னும் நிறைய வாங்கலாம் என்று அவர் நினைத்து கால் செய்யலாம். மூன்றாவது ஆட்டின் விழுந்து, அதுவரை அமைதியாகக் கால் செய்தவர் திடீரென்று பெரிதாக வைத்தால், ஒரு ஜோடியைக் கட்டிக்கொண்டு அழாமல் விட்டுவிடுங்கள். அவர் நினைத்தது பலிக்காது.

ஏஸ் ஜோடி வந்தால் ஃப்ளாப்புக்கு முன்பே அடிக்கலாமா? எல்லாரையும் உள்ளே இழுத்தால் பாட் பெரிதாகுமே?

அடித்தே ஆகவேண்டும். ஏஸ் ஜோடி 221 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் வரும். ஒரே ஒருவர் எதிரில், எந்தச் சீட்டானாலும், சராசரியாக நூற்றுக்கு 85 முறை அது ஜெயிக்கும். மூன்று பேர் எதிரில் 64. ஐந்து பேர் என்றால் 49. ஆள் கூடக் கூட நம் பங்கு குறைந்துகொண்டே வரும். யாருக்காவது இரண்டு ஜோடி விழுந்திருக்கும், யாரென்றும் தெரியாது.

எங்கள் மேசையில் 10 பிளைண்டுக்கு 30 ரெய்ஸ், முன்னால் சும்மா உள்ளே வந்தவர் ஒவ்வொருவருக்கும் இன்னொரு 10. அதற்கும் நான்கு பேர் கால் செய்கிறார்கள் என்றால் அடுத்த முறை 50, 60 என்று கூட்டிக்கொண்டே போங்கள். ஓரிருவர் மட்டும் வரும் அளவு உங்கள் மேசைக்கு எதுவோ அதுதான் சரியான அளவு. யாராவது ரெய்ஸ் செய்தால் மறு ரெய்ஸ். ராஜா ஜோடிக்கும் இதுவே.

ரிவரில் வைப்பதா செக்கா என்று கையே ஓடுவதில்லை. எப்படி எண்ணுவது?

இதைத்தான் நான் ஆசையாகச் சொல்லித்தருவேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உங்களிடம் இஸ்பேடு ஏஸ், டைமன் ராணி. நடுவில் கிளாவர் ராணி, ஆட்டின் 8, டைமன் 3, இஸ்பேடு 2, டைமன் 7. ஃப்ளஷ் இல்லை, ஸ்ட்ரெய்ட் இல்லை. ஃப்ளாப், டர்ன் இரண்டிலும் வைத்தீர்கள், எதிராளி கால் மட்டும் செய்தார். ரிவர் உங்கள் முறை.

வெளியே இரண்டு ராணிதான் பாக்கி. ராஜா-ராணி அவரிடம் இருக்க, நான்கு ராஜா பெருக்கல் இரண்டு ராணி, எட்டு வழி. ராணி-ஜாக் எட்டு, ராணி-10 எட்டு. 10 ஜோடி ஆறு வழி, 9 ஜோடி ஆறு வழி. இவையும் சந்தேகத்தோடு கால் செய்யும். நமக்குக் கீழே மொத்தம் 36.

மேலே இருப்பவை: 8, 7, 3, 2 ஆகியவற்றில் செட், ஒவ்வொன்றும் மூன்று வழி, 12. ராணி-8 ஆறு வழி. 8-7 ஒன்பது வழி. மொத்தம் 27. அவரிடமும் ஏஸ்-ராணியே இருக்க ஆறு வழி, அதில் பாட் சமமாகப் பிரியும்.

36-க்கு 27. இப்போதே வைக்கலாம் என்று வந்துவிட்டது. அதற்கும் மேலே, 8 ஜோடியோ 3 ஜோடியோ வைத்து செட் அடித்தவர் ஃப்ளாப்பிலோ டர்னிலோ ஒருமுறையாவது ரெய்ஸ் செய்திருப்பார். செய்யவில்லை. அதனால் அந்த 27 உண்மையில் இன்னும் சிறியது. வையுங்கள், பாட்டில் பாதியாவது.

தொடக்கத்தில் இந்த எண்ணிக்கைக்கு ஐந்து நிமிடம் ஆகும், மேசையில் அவ்வளவு நேரம் தரமாட்டார்கள். பகலில், பஸ்ஸில் போகும்போது பழைய ஆட்டத்தை எடுத்து எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்தில் முழு எண்ணிக்கை இல்லாமலே 'இது அறுபதுக்கு நாற்பது' என்று கை சொல்லும்.

நான் வைத்த பிறகு அவர் ரெய்ஸ் செய்தால்?

ஃப்ளாப்பில் என்றால் பயப்படத் தேவையில்லை, முயற்சிச் சீட்டாகவும் இருக்கலாம். டர்னில் யோசியுங்கள். ரிவரில், அதுவும் சாதாரண ஆட்டக்காரரிடமிருந்து பெரிய ரெய்ஸ் வந்தால், டாப் பேர் நல்ல கிக்கரோடு (ஜோடிக்குத் துணையாக நிற்கும் இன்னொரு சீட்டு) இருந்தாலும் ஃபோல்டு. வைத்ததும் சரி, அப்புறம் விட்டதும் சரி. இரண்டும் முரண் இல்லை. வைக்கும்போது அவர் கால் செய்யும் சீட்டுகளை எண்ணினீர்கள், இப்போது ரெய்ஸ் செய்யும் சீட்டுகளை எண்ணுகிறீர்கள். அது வேறு கூட்டம்.

பதுங்குவது எப்போதாவது சரியா?

இரண்டு இடத்தில். நீங்களே மேசையை அடைத்துவிட்டீர்கள் என்றால்: கையில் ஏஸ்-7, நடுவில் ஏஸ், ஏஸ், 7. வெளியே ஒரே ஒரு ஏஸ்தான். கால் செய்ய யாரிடமும் எதுவும் இல்லை. ஒரு சுற்று விட்டால் யாருக்காவது ஒரு ஜோடியாவது விழும். இன்னொன்று, எதிராளி கை சும்மா இருக்காதவர், நீங்கள் செக் செய்தால் கட்டாயம் அவர் வைப்பார் என்றால், அவரே வைக்கட்டும். மற்ற நேரத்தில் வேண்டாம்.

நல்ல கைக்குப் பெரிதாக வைத்தால் கண்டுபிடித்துவிட மாட்டார்களா?

கவனிப்பவர் கண்டுபிடிப்பார். அவருக்கு எதிராக, அதே அளவில் சில சமயம் பிளஃபும் கலக்க வேண்டும். முழுப் பாட் வைக்கிறீர்கள் என்றால் கால் செய்பவருக்கு மூன்றில் ஒரு முறை ஜெயித்தால் போதும். ஆகவே இரண்டு நல்ல கைக்கு ஒரு பிளஃப் இருந்தால் அவரால் எந்தப் பக்கமும் லாபம் பார்க்க முடியாது. பாதிப் பாட்டுக்கு மூன்று நல்ல கைக்கு ஒன்று.

ஆனால் உங்கள் மேசையில் எத்தனை பேர் கவனிக்கிறார்கள்? ஒருவர் சீரியல் பார்த்துக்கொண்டே ஆடுகிறார், இன்னொருவர் சாப்பிட்டுக்கொண்டே. கவனிக்காதவரிடம் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை, நேராகக் கேளுங்கள்.

ஆன்லைனில் மட்டும் வரும் தப்புகள் ஏதாவது?

திரையில் பாதி, மூன்றில் இரண்டு, பாட் என்று பட்டன் இருக்கும். தொடக்கத்தில் அதையே அழுத்துங்கள். இழுக்கும் கோடு சின்ன ஃபோனில் விரல் நழுவி 60 என்பது 600 ஆகிவிடும். எல்லாரும் செய்யும் இன்னொன்று, பட்டன் தானாகக் காட்டும் குறைந்தபட்சத் தொகையை அப்படியே அழுத்துவது. பாட் 200 இருக்கும்போது 10 வைத்தால் அது யாரிடமிருந்தும் எதையும் வாங்காது.

நேரமும் பேசும். பெரிய கை வந்ததும் பத்து விநாடி உட்கார்ந்துவிட்டு வைப்பவரை எல்லாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். எந்தச் சீட்டுக்கும் மூன்று நான்கு விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் டவர் போய்ப் போய் வந்தால் பெரிய ஆட்டத்துக்கே உட்காராதீர்கள்; நேரம் முடிந்தால் ஆப் உங்கள் செட்டைத் தானாக ஃபோல்டு செய்துவிடும்.

ஆட்டம் முடிந்த பிறகு எதைப் பார்ப்பது?

பெரும்பாலான ஆப்பில் பழைய ஆட்டங்கள் பதிவாகியிருக்கும். தோற்றதை எல்லாரும் எடுத்துப் பார்ப்பார்கள். நீங்கள் ஜெயித்ததை எடுங்கள், அதிலும் சின்னதாக ஜெயித்ததை. செட், இரண்டு ஜோடி, ஃப்ளஷ் வைத்து 100 சிப்புக்குக் கீழே வந்த ஆட்டம் எத்தனை என்று குறியுங்கள். ஒவ்வொன்றிலும் எந்தச் சுற்றில் செக் செய்தீர்கள், கடைசியில் எதிராளி காட்டிய சீட்டு என்ன, அந்தச் சீட்டு ஃப்ளாப்பில் எவ்வளவுக்குக் கால் செய்திருக்கும் என்று பக்கத்தில் எழுதுங்கள். நீடாமங்கலத்துத் தம்பி கார்த்திகை முழுக்க இதைச் செய்தார். அவர் நோட்டில் முதல் வாரம் பதினொரு ஆட்டம் இருந்தது. தை பிறந்தபோது ஒரு வாரத்துக்கு இரண்டோ மூன்றோதான். இப்போது அவர் ஃப்ளாப்பில் மூன்றில் இரண்டு பங்கு வைத்தால் நாங்கள் எல்லாரும் ஒருமுறை யோசிக்கிறோம், யோசித்துவிட்டு கால்தான் செய்கிறோம்.